துறை தேர்வார்க்கு ஒரு துணை



நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அன்று ஊர் முழுவதும் மகிழ்கிறது. தெருவில் இனிப்பு வழங்குகிறார்கள். பள்ளி ஆசிரியர் வீடு தேடி வந்து வாழ்த்துகிறார். ஐந்தரை ஆண்டுகள் கழிந்தபின் அதே பிள்ளை இன்னொரு வாயிலில் போய் நிற்கிறது. அது முதுநிலைப் படிப்பின் வாயில். எந்தத் துறையைக் கற்பது, எந்த ஊரில் கற்பது, எத்தனை ஆண்டு காத்திருப்பது என்னும் கேள்விகள் அங்கே எழுகின்றன. அவற்றிற்கு விடை சொல்ல ஊரில் எவரும் இல்லை. பெற்றோர் அன்புடையவர், ஆனால் அறியாதவர். ஆசிரியர் அறிந்தவர், ஆனால் அவருக்கு நேரமில்லை. இவ்விரு நிலைக்கும் இடையே மாணவன் தனித்து நிற்கிறான்.

அவனுக்குத் துணையாக ஒருவர் வேண்டும், அத்துணை எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவம் பயிலாத நண்பர்களும் இதனைப் படிக்கலாம். நாளை உங்கள் தம்பியோ தங்கையோ இவ்வாயிலில் நிற்கக்கூடும் அன்றோ?

நம் பக்கத்து நிலை

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் குப்பத்தை அடுத்து இருப்பது சாந்திபுரம். குப்பம், குடிபல்லி, ராமகுப்பம், சாந்திபுரம் ஆகிய நான்கு மண்டலங்களும் தமிழகமும் கருநாடகமும் ஆந்திரமும் கூடும் எல்லையில் உள்ளன. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் இரண்டும், சில ஊர்களில் கன்னடமும் என வாழும் மக்கள் இங்கே பலர். உழவும் பட்டுப்புழு வளர்ப்பும் கறவை மாடும் குடும்பங்களைக் காக்கின்றன.

இப்பக்கத்தில் மருத்துவக் கல்விக்குக் குறைவில்லை. திருப்பதியில் திருவேங்கடவன் பெயரால் அமைந்த எஸ்.வி. மருத்துவக் கல்லூரி 1960-இல் தோன்றியது. ரூயா மருத்துவமனை அதன் பயிற்சிக்களம். சுவிம்ஸ் எனப்படும் உயர் மருத்துவ நிலையம் 1993 முதல் பணியாற்றி வருகிறது. அதனைச் சார்ந்து பெண்களுக்கென்றே பத்மாவதி மருத்துவக் கல்லூரி 2014-இல் தொடங்கப்பெற்றது. குப்பத்தில் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்தூரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் வேலூரும் அதன் புகழ்மிக்க கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

கல்லூரிகள் அருகில் உள்ளன. ஆனால் அக்கல்லூரிகளின் உள்வழக்கங்கள் சிற்றூர்க் குடும்பங்களுக்கு இன்னும் தொலைவில்தான் உள்ளன. மருத்துவர் வீட்டுப் பிள்ளை உணவு உண்ணும்போதே துறைகளைப் பற்றிக் கேட்டு வளர்கிறது. அறுவை மருத்துவர் எந்நேரம் வீடு திரும்புவார், மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பு யாது, எந்தக் கல்லூரியில் நோயாளிகள் மிகுதி என்பனவெல்லாம் அதற்குக் கதைபோலத் தெரிந்துவிடுகின்றன. சாந்திபுரத்து உழவர் வீட்டுப் பெண்ணுக்கு இவற்றைச் சொல்வார் யார்? இருவரும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். ஆயினும் இருவரும் ஒரே இடத்திலிருந்து புறப்படவில்லை. இந்த இடைவெளியை ஓரளவேனும் நிரப்புவதுதான் வழிகாட்டியின் முதற்கடமை.

தேர்வு கேட்பதும் கேளாததும்

முதுநிலை இடத்துக்கு நம் நாட்டில் இன்று இரண்டு பெருந்தேர்வுகள் உள்ளன. ஒன்று நீட் பி.ஜி. நாட்டின் பெரும்பாலான இடங்கள் அதன்வழியே நிரப்பப்படுகின்றன. 2025-இல் அதற்குப் பதிந்தோர் 2,40,000-க்கும் மேற்பட்டவர். மற்றொன்று ஐ.என்.ஐ. செட். எய்ம்ஸ் நிலையங்கள், புதுச்சேரி ஜிப்மர், சண்டிகர் பட்டமேற்படிப்பு நிலையம், பெங்களூர் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு இருமுறை அது நடைபெறுகிறது.

இவ்விரண்டும் கொள்குறி வினாக்களாலேயே அமைந்தவை. விடை சரியா தவறா என்பதொன்றே கணக்கு. இறுதியில் மாணவனின் கையில் ரேங்க் என்னும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணே இடம் தேடித்தரும்.

அமெரிக்க நாட்டில் முறை வேறு. அங்கே 1952 முதல் 'மேட்ச்' எனப்படும் பொருத்தமுறை நடைபெறுகிறது. மாணவர் தம் விருப்ப வரிசையை எழுதுவர்; மருத்துவமனைகளும் தம் விருப்ப வரிசையை எழுதும்; இரண்டையும் கணிப்பொறி பொருத்தும். தேர்வு மதிப்பெண்ணோடு ஆசிரியரின் பரிந்துரை மடலும் நேர்காணலும் அங்கே எடைபோடப்படுகின்றன. ஆதலின் அங்கே மாணவனுக்கு வழிகாட்டி ஒருவர் தேவை என்பது எவருக்கும் எளிதில் விளங்கும்.

இங்கே மடலும் இல்லை, நேர்காணலும் இல்லை. எனவே வழிகாட்டிக்கு இங்கே வேலையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. நம் தேர்வு, "உனக்கு எத்தனை விடை தெரியும்?" என்று கேட்கிறது. "நீ யார்? எத்தகைய பணி உனக்கு ஏற்கும்? எதை நாற்பது ஆண்டுகள் சலிப்பின்றிச் செய்வாய்?" என்று அது கேட்பதே இல்லை. நேர்காணல் உள்ள நாட்டில் அக்கேள்வியை யாரேனும் ஒருவர் ஒருமுறையேனும் கேட்டுவிடுகிறார். நம் நாட்டில் அதனைக் கேட்பதற்கென்றே ஒருவர் வேண்டும். அவரே வழிகாட்டி.

யார் வழிகாட்டி?

வழிகாட்டி வேறு, பயிற்சிக்கூடம் வேறு. பயிற்சிக்கூடம் பாடம் சொல்லும், வினா கொடுக்கும், எல்லார்க்கும் ஒரே கால அட்டவணையை வகுக்கும். அது தேவைதான். ஆனால் மாணவனின் பெயரும் குடும்பமும் அச்சமும் அதற்குத் தெரியா.

வள்ளுவர் பொருட்பாலில் அதிகாரங்களை வைத்திருக்கும் வரிசையை நோக்குங்கள். பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினஞ்சேராமை, தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அரசனுக்குக் கூறிய இம்முறை துறை தேடும் மாணவனுக்கும் பொருந்துகிறது. முதலில் ஒரு துணை. பிறகு வலிமையையும் காலத்தையும் இடத்தையும் அறிதல். துணையின்றி மற்ற மூன்றையும் ஒருவன் தானே அறிந்துகொள்வது அரிது.

துணை ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பேராசிரியர் ஒருவர் துறையின் ஆழத்தைச் சொல்லலாம். முதுநிலை பயிலும் அண்ணனோ அக்காவோ அன்றாட வாழ்வைச் சொல்லலாம். சென்ற ஆண்டு தேர்வெழுதியவர் கலந்தாய்வின் நுணுக்கங்களைச் சொல்லலாம். எனினும் இவர்கள் சொல்வதையெல்லாம் ஒன்றுசேர்த்து, "இவற்றுள் உனக்கு எது?" என்று அமர்ந்து கேட்பவர் ஒருவராக இருத்தல் நலம்.

வலியறிதல்

இன்று போட்டி மிகுந்த துறைகள் கதிரியக்கம், பொது மருத்துவம், தோல் மருத்துவம் ஆகியன. ரேங்க் பட்டியலின் மேலிடத்தார் பெரும்பாலும் இவற்றையே எடுக்கின்றனர். மகப்பேறு, குழந்தை மருத்துவம், எலும்பு மருத்துவம் ஆகியன அவற்றைத் தொடர்கின்றன. பட்டியலைப் பார்த்து, "மேலிடத்தார் எடுப்பது எதுவோ அதுவே சிறந்தது" என்று முடிவு செய்வது மாணவரின் வழக்கமாகிவிட்டது. நல்ல வழிகாட்டி இம்முடிவை மறுக்கமாட்டார், ஆராயச் செய்வார். ஓர் உரையாடலைக் கற்பனை செய்வோம்.

"அக்கா, நான் கதிரியக்கம்தான் எடுக்க வேண்டும்."

"நல்லது அம்மா. ஏன்?"

"இரவுப்பணி இல்லையாம். வருவாயும் நன்றாக இருக்குமாம்."

"யார் சொன்னார்?"

"விடுதியில் எல்லாரும் சொல்கிறார்கள்."

"கதிரியக்க மருத்துவர் ஒரு நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறாயா?"

"இல்லை அக்கா."

"நாளை காலை எட்டு மணிக்கு அத்துறையில் போய் நில். மாலை வரை நில். விபத்தில் அடிபட்டவருக்கு நள்ளிரவில் ஸ்கேன் எடுத்தால் அதைப் படித்துச் சொல்பவர் யார் என்றும் கேள். பிறகு வந்து சொல்."

இந்தச் சிறு உரையாடலில் வழிகாட்டலின் பெரும்பகுதி அடங்கிவிட்டது. அக்கா விடை சொல்லவில்லை, பார்க்க அனுப்பினாள். கதிரியக்கத்தில் படம் பேசும். நோயாளி அதிகம் பேசுவதில்லை. ஆழ்ந்து நோக்கும் கண்ணும், தனித்திருக்கும் பொறுமையும் உடையார்க்கு அது இனிய பணி. நோயாளியோடு பேசிப் பழகி மகிழ்பவர்க்கு அதுவே சுமையாகலாம். கருவின் பால் அறிவிப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கருப்பை ஸ்கேனுக்கும் பதிவு வைத்தல் வேண்டும், அப்பொறுப்பும் அவருடையது.

தோல் மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். அழகுச் சிகிச்சையை எண்ணி அதனை நாடுவோர் பலர். ஆனால் அப்பட்டத்தின் முழுப்பெயரிலேயே பால்வினை நோயும் தொழுநோயும் சேர்ந்துள்ளன. வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆய்வு நிலையம் இருப்பதை நம் பக்கத்தார் அறிவர். வேலூரில் டாக்டர் பால் பிராண்டு 1940-களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிய கைவிரல்களை அறுவையால் மீண்டும் இயங்கச் செய்யத் தொடங்கினார். இப்பணியையும் மனத்தில் ஏற்பவரே அத்துறையை முழுமையாக ஏற்பவர்.

இவ்வாறே ஒவ்வொரு துறைக்கும் வெளித்தோற்றம் ஒன்று, உட்பணி ஒன்று. எலும்பு மருத்துவத்துக்கு உடல் வலிமையும் விபத்து இரவுகளும் உண்டு. மகப்பேற்றில் இரு உயிர்களின் பொறுப்பு ஒரே கையில் உண்டு. மயக்கவியலில் புகழ் குறைவு, விழிப்பு மிகுதி. மனநல மருத்துவத்தில் கருவிகள் குறைவு. கேட்கும் செவியே கருவி. 'பெண்ணுக்கு அறுவை வேண்டாம்' என்று வீட்டார் சொல்வதும் உண்டு. அறுவைத் துறையில் பணியாற்றும் பெண் மருத்துவர் ஒருவரை அவ்வீட்டாரோடு பேசச் செய்வதும் வழிகாட்டியின் கடமையே. நீண்ட சொற்பொழிவு செய்யாததை அப்பேச்சு செய்துவிடும்.

துறையை நேரில் காண இன்றைய பாடத்திட்டமே வழி தருகிறது. 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் 'எலெக்டிவ்' என்னும் விருப்பப் பயிற்சிக்கு இடம் வைத்தது. பலர் அதனை ஓய்வுக்காலமாகக் கழிக்கின்றனர். தாம் விரும்புவதாக எண்ணும் துறையைச் சோதித்துப் பார்க்க அதனினும் ஏற்ற காலம் வேறில்லை.

முன்னோர் காட்டிய இரு வழிகள்

போட்டி இல்லாத இடத்தைத் தேர்ந்து அதனைப் பெருந்துறையாக்கியவரும் நம்மிடையே வாழ்ந்தனர். டாக்டர் வி. சாந்தா 1949-இல் எம்.பி.பி.எஸ். முடித்தார், மகப்பேற்றுத் துறையில் பட்டயமும் 1955-இல் எம்.டி. பட்டமும் பெற்றார். எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் அரசுப் பணி அவருக்குக் காத்திருந்தது. பெண் மருத்துவர்க்கு அக்காலத்தில் அதனினும் விரும்பத்தக்க பணி இல்லை எனலாம். ஆனால் அவர் அதனை விடுத்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சேர்ந்தார். அன்று அங்கிருந்த படுக்கைகள் பன்னிரண்டு. முத்துலட்சுமி அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். சாந்தா 2021-இல் மறையும்வரை அந்நிலையமே அவர் வாழ்வாக இருந்தது.

வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்துறைக்கு அதுவே முதல் தனிப்பிரிவு. மறு ஆண்டில் சென்னையில் டாக்டர் பி. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். அன்று மாணவர் முட்டிமோதும் துறையாக அது இருந்ததில்லை. அவ்விருவரும் அறுவை செய்ததோடு நில்லாமல் மாணவரைப் பயிற்றியமையால்தான் அது பின்னர்ப் பலர் நாடும் துறையாயிற்று.

இவ்வரலாறுகளைச் சொல்வது, "எல்லாரும் விரும்புவதை நீ விரும்பாதே" என்று தடுப்பதற்கு அன்று. கூட்டம் நிற்கும் இடம் ஒன்றுதான் வாயில் என்று மாணவன் அஞ்சாதிருக்க வேண்டும் என்பதற்கே.

காலமறிதல்

அடுத்தது காலம். இங்கே வழிகாட்டி கணக்கறிந்தவராக இருத்தல் வேண்டும்.

நீட் பி.ஜி. தேர்வில் 200 வினாக்கள். நேரம் மூன்றரை மணி. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று குறையும். 2024 முதல் வினாத்தாளை ஐந்து பகுதிகளாகப் பிரித்துள்ளனர். ஒவ்வொன்றிலும் 40 வினாக்கள், 42 நிமிடங்கள். ஒரு பகுதி முடிந்தால் மீண்டும் அதற்குத் திரும்ப இயலாது. ஆதலின் 'கடினமானதைக் கடைசியில் பார்ப்போம்' என்னும் பழைய வழக்கம் இப்பொழுது அந்த 42 நிமிடங்களுக்குள்தான் செல்லும். வீட்டில் பயிலும்போதே 40 வினாக்களை 42 நிமிடத்தில் முடித்துப் பழகுதல் வேண்டும்.

தெரியாத வினாவை விடுவதா, எழுதுவதா? நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் என்ன ஆகும்? நான்கு வினாக்களுள் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். நான்கில் மூன்று போக, மிஞ்சுவது ஒரு மதிப்பெண். இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டால் இரண்டு வினாக்களுக்கு ஒன்று சரி. நான்கில் ஒன்று போக மூன்று மிஞ்சும். எனவே நீட் பி.ஜி. தேர்வில் ஓரளவு அறிந்த வினாவை வெறுமனே விடுவது இழப்பாகும். ஐ.என்.ஐ. செட்டில் சரிக்கு ஒன்று, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு. அங்கே கண்ணை மூடிக் குறித்தால் சராசரியில் ஊதியமும் இல்லை, இழப்பும் இல்லை. இவ்வளவு எளிய கணக்கையும் அறியாமல் அச்சத்தால் வினாக்களை விட்டுவருவோர் உளர்.

காலமறிதலில் இன்னொன்று ஹவுஸ் சர்ஜன் ஆண்டு. நான்கரை ஆண்டுப் படிப்பை அடுத்து வரும் அந்த ஓராண்டு வார்டில் கழிக்க வேண்டிய ஆண்டு. ஆனால் தேர்வை எண்ணி, கையொப்பமிட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடும் வழக்கம் எங்கும் பரவியுள்ளது. இஃது இரட்டை இழப்பு. நோயாளிக்கு உதவ வேண்டிய கை குறைகிறது. மாணவனுக்கோ கண்ணால் கண்டு மறவாமல் நிற்க வேண்டிய பாடம் வெறும் எழுத்தாகிவிடுகிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889 முதல் ஹால்ஸ்டெடும் ஆஸ்லரும் வகுத்த பயிற்சி முறையில், பயிற்சி மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்கி வாழ்ந்தார். 'ரெசிடெண்ட்' என்னும் பெயர் அதனால் வந்தது. நோயாளியின் அருகே இருப்பதுதான் அப்படிப்பின் பொருள். அன்று வார்டில் கண்ட நோயைப் பற்றி அன்றிரவே இருபது வினாக்கள் பயின்றால், வார்டும் தேர்வும் பகையாகமாட்டா.

மூன்றாவது கேள்வி கடினமானது: ஒரு முறை கிடைக்காவிட்டால் மறுபடியும் காத்திருப்பதா? அதற்குப் பொதுவிடை இல்லை. வழிகாட்டி மூன்றைக் கேட்டறிய வேண்டும். சென்ற முறைக்கும் இம்முறைக்கும் மதிப்பெண் உயர்ந்துள்ளதா? குடும்பத்தின் கடன் எவ்வளவு? காத்திருக்கும் ஆண்டில் ஏதேனும் மருத்துவப் பணி செய்ய இயலுமா? கைத்தொழிலை முற்றிலும் விட்டு அறைக்குள் அடைந்து கிடக்கும் இரண்டாம் ஆண்டு பலர்க்கு அறிவை வளர்ப்பதில்லை, ஊக்கத்தைத்தான் குறைக்கிறது. காத்திருப்பதாயின் எத்தனை முறை என்பதைத் தேர்வுக்கு முன்னரே, மனம் அமைதியாக இருக்கும்போதே, எழுதி வைத்துக்கொள்வது நன்று.

இடனறிதல்

ரேங்க் வந்தபின் கலந்தாய்வு. நல்ல ரேங்க் எடுத்தவரும் இங்கே இடறுவதுண்டு.

அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்தியப் பங்காக மைய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவால் நிரப்பப்படுகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும் அதன்வழியே. மாநிலப் பங்கை ஆந்திரத்தில் விசயவாடாவிலுள்ள டாக்டர் என்.டி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் தமிழகத்தில் சென்னையிலுள்ள தேர்வுக் குழுவும் நடத்துகின்றன. முதுநிலையில் இருப்பிடத்தை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 சனவரியில் தீர்ப்பளித்தது. தம் கல்லூரியில் பயின்றோர்க்கு அளவாக முன்னுரிமை தருவதை அது ஏற்றது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்க்குத் தனி ஒதுக்கீடும் மாநிலங்களில் உண்டு. அதன் அளவு அரசாணைக்கேற்ப மாறும். எல்லையில் வாழும் நம்மவர் இரு மாநில விதிகளையும் அவ்வாண்டு அறிவிப்பில் படித்தறிதல் வேண்டும். சென்ற ஆண்டு அண்ணன் சொன்னது இவ்வாண்டு பொருந்தாமற்போகலாம்.

விருப்ப வரிசை எழுதுவதில் ஒரு பெரும் மயக்கம் உண்டு. "எனக்குக் கிடைக்கக்கூடியதை முதலில் எழுதுகிறேன், விரும்புவதைப் பின்னால் எழுதுகிறேன்" என்று சிலர் எண்ணுகின்றனர். ஒரு சுற்றில் கணிப்பொறி உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது. காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருகிறது. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கு எந்தக் குறையும் நேராது. எனவே உண்மையாக விரும்பும் வரிசையிலேயே எழுதுவது அறிவுடைமை. ஆனால் விரும்பாத இடத்தைப் பட்டியலில் எழுதாதீர்கள். பிந்திய சுற்றுகளில் கிடைத்த இடத்தை விட்டால் வைப்புத்தொகை போவதோடு வேறு தடைகளும் வரும்.

கல்லூரி வாரியாகவும் கேட்டறிய வேண்டியவை உண்டு. நோயாளிகள் வருகை எவ்வளவு? அறுவை செய்யக் கையில் கொடுப்பார்களா? உதவித்தொகை காலத்தில் வருகிறதா? படித்தபின் அரசுப் பணி செய்யும் உறுதிமுறி எத்தனை ஆண்டு? இடையில் விட்டால் தண்டத்தொகை எவ்வளவு? இவற்றைக் கல்லூரியின் அறிவிப்பு முழுதும் சொல்லாது. அங்கே இப்பொழுது பயிலும் ஒருவரே சொல்வார். அந்த ஒருவரைத் தேடித் தொலைபேசியில் பேச வைப்பது வழிகாட்டி செய்யும் பேருதவி.

வேறொன்றையும் சொல்லவேண்டும். மேலே இவ்வளவு போட்டி இருக்க, கீழே இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. 2023-ஆம் ஆண்டுக் கலந்தாய்வில் தகுதி வரம்பையே சுழியத்துக்கு இறக்க வேண்டி வந்தது. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல் போன்ற அடிப்படைத் துறைகளை நாடுவோர் மிகக் குறைவு. மருத்துவக் கல்லூரிகள் பெருகும் நாட்டில் அத்துறைகளுக்கு ஆசிரியர் வேண்டாமா? கற்பிப்பதில் இன்பம் காணும் மாணவனுக்கு இவ்வழியையும் தாழ்வாகப் பேசாமல் காட்டுவதே நேர்மை.

மனத்தின் சுமை

இத்தனைக்கும் நடுவே மாணவன் ஒரு மனிதன் என்பதை மறத்தல் ஆகாது. முதற்பட்டதாரிக் குடும்பத்துப் பிள்ளையின் தோளில் வீட்டின் நம்பிக்கை முழுவதும் அமர்ந்திருக்கிறது. ரேங்க் குறைந்தால் தன் மதிப்பே குறைந்ததாக அவன் எண்ணுகிறான். மருத்துவ மாணவர் மனநலம் பற்றி ஆராயத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் அறிக்கை அளித்தது. முதுநிலை மாணவரின் பணி வாரத்துக்கு 74 மணிக்கு மேற்படலாகாது என்றும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அவ்வாறு பரிந்துரைக்க வேண்டியிருந்ததே நிலைமையைக் காட்டுகிறது.

வழிகாட்டி மனநல மருத்துவர் அல்லர். ஆயினும் ஒருவன் உறங்காமலும் உண்ணாமலும் பேசாமலும் ஒதுங்குவதை முதலில் காணக்கூடியவர் அவரே. அப்போது "படி, படி" என்று கூறுவது தீங்கு. உடன் அமர்ந்து கேட்க வேண்டும்; உரிய மருத்துவரிடம் உடன் செல்ல வேண்டும். மைய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். இவ்வெண் ஒவ்வொரு விடுதி அறையிலும் எழுதப்பட வேண்டியது.

வழிகாட்டுவார்க்கு வரும் ஊதியம்

"எனக்கே நேரமில்லை, நான் எப்படி மற்றவர்க்கு வழிகாட்டுவேன்?" என்று மூத்த மாணவர் கேட்கலாம். இதற்கு நன்னூலார் அன்றே விடை கூறிவிட்டார். ஆசிரியரிடம் நன்கு கேட்பதால் வருவது கல்வியில் காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதால் வருவது இன்னொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது எஞ்சிய அரைப்பங்கு என்பது அவர் கருத்து. தங்கைக்கு இதயத்துடிப்பு வரைபடத்தை விளக்கும் அக்கா, தன் பாடத்தின் பாதியை அப்போதுதான் கற்கிறாள். ஆகவே வழிகாட்டல் ஒருவழிக் கொடை ஆகாது.

நம் மன்றம் செய்யக்கூடியது யாது? பெருந்திட்டம் வேண்டா. எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டினர் ஒவ்வொருவருக்கும் முதுநிலை மாணவர் அல்லது ஹவுஸ் சர்ஜன் ஒருவரை இணைக்கலாம். ஆண்டுக்கு நான்கு சந்திப்புகள் போதும். முதற்சந்திப்பு தன்னை அறிவதற்கு. இரண்டாவது துறைகளை நேரில் கண்டபின் பேசுவதற்கு. மூன்றாவது காலக் கணக்குக்கு. நான்காவது கலந்தாய்வுக்கும் குடும்பத்தோடு பேசுவதற்கும். தேர்வில் வென்றவரை மட்டும் அழைத்துப் பேசச் செய்யாமல், விரும்பிய துறை கிடைக்காது வேறு துறையில் மனநிறைவு கண்டவரையும் அழைக்க வேண்டும். அவர் சொல்லும் ஒரு மணி நேரப் பேச்சு பலர் அச்சத்தைப் போக்கும்.

கலந்தாய்வில் கற்றதை ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதி மன்ற நூலகத்தில் வைக்கலாம். எழுதிய ஆண்டை மேலே குறிக்க மறத்தலாகாது. நம் மாணவர்க்கு இன்னொரு வலிமையும் உண்டு. குப்பத்து மருத்துவமனையில் தமிழிலும் தெலுங்கிலும் நோயாளியின் குறையைக் கேட்டறியும் திறம் எந்த ரேங்க் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஆயினும் நோயாளி அதனை உடனே அறிந்துகொள்கிறார். எத்துறை எடுத்தாலும் அத்திறத்தைக் காத்துக்கொள்ளுமாறு வழிகாட்டி நினைவூட்ட வேண்டும்.

நண்பர்களே! தேர்வைக் கடினமாக்குவதும் எளிதாக்குவதும் நம் கையில் இல்லை. இடங்களைக் கூட்டுவதும் நம்மால் ஆவதன்று. ஆனால் சாந்திபுரத்திலிருந்து வந்த ஒரு தங்கை, தன் வாழ்வின் மிகப்பெரிய முடிவை விடுதிப் பேச்சைக் கேட்டுத் தனியே எடுக்காமல், அறிந்த ஒருவரைக் கலந்து எடுக்குமாறு செய்வது நம்மால் ஆகும். மூத்தோர் இவ்வாரமே ஓர் இளையவரை அழையுங்கள். இளையோர் தயங்காது ஒரு மூத்தவரைக் கேளுங்கள்.